நாற்பது றோல்ஸும் ஒரு குறூப் போட்டோவும்

எங்கள் நண்டுக் கம்பனியின் முகாமையாளர் நாற்பது றோல்ஸுக்கும் இரண்டு பட்டர் கேக்குக்கும் ஓடர் கொடுத்ததை நான் என் கண்ணாலேயே கண்டேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பேக்கரியில் பாண் வாங்க நின்றிருந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு முதல் வேணும், சூடா இருக்க வேணும்" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையாட்களுக்கு ஒரு முதலாளியோ முகாமையாளரோ காரணம் சொல்லாமல் கேக் வாங்குகிறார் என்றால் பின்னால் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பாணை வாங்கிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் பின்பக்கத்தால் நழுவினேன்.

நான் சந்தேகக்காரிதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடைக்குள் போடுவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாட வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு வாசலில் நின்ற நாட்கள் பல. ஆனால் இந்த விஷயத்தில் என் சந்தேகத்துக்கு அனுபவமும் சேர்ந்திருந்தது. நண்டுக் கம்பனிக்கு வருவதற்கு முன்னர் மூன்று தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தேன். மூன்றையும் மூடினார்கள். மூன்றிலும் ஒரே ஒழுங்குதான். முதலில் பெரியவர் கூட்டம் கூட்டுவார். புரொஜெக்டர் வரும். நிறம் நிறமாக வெட்டிய மட்டைகளும் மார்க்கர் பேனைகளும் வரும். "உங்கள் கனவை எழுதுங்கள்" என்பார்கள். பிறகு தின்னத் தருவார்கள். கடைசியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு குறூப் போட்டோ. மூன்று மாதத்துக்குள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குறூப் போட்டோ என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தமே இல்லை. பள்ளிக்கூட அதிபர் மாற்றலாகிப் போகிறாரா, முன்வரிசையில் கதிரை போட்டு ஒரு போட்டோ. கந்தோரில் ஒருவர் ஓய்வு பெறுகிறாரா, மாலை போட்டு ஒரு போட்டோ. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடமா, அதற்கும் ஒன்று. ஒருவர் போகிறார் என்றால்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கமராவுக்கு முன்னால் நிற்போம். சும்மா இருக்கும்போது அப்படி நிற்க எங்களுக்கு வேறு வேலை இல்லையா?

எங்கள் கம்பனி குருநகருக்குக் கிட்ட, கரையோரமாக இருக்கிறது. காலையில் வள்ளங்கள் கொண்டுவரும் நண்டை அவித்து, ஆறவைத்து, ஓடு உடைத்து, சதையை எடுத்துப் பேணியில் அடைத்து ஐஸில் வைத்து அனுப்புவதுதான் வேலை. முப்பத்தெட்டுப் பெண்கள். நான் அவர்களுக்கு மேற்பார்வை. எல்லாரும் என்னை மிஸ் என்று கூப்பிடுவார்கள். முகாமையாளர் தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கொழும்பில் படித்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆட்களுக்கு முன்னால் அவரைச் சேர் என்பேன், தனியாக இருந்தால் தம்பி என்பேன். நல்ல மனிதர். ஒருவரையும் ஏசமாட்டார், எப்போதும் சிரித்த முகம். அதுதான் எனக்குப் பிடிக்காது. ஏசுகிற ஆள் மனதில் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டேயிருக்கிற ஆளை எதை வைத்துப் பிடிப்பது?

அந்த மாதங்களில் நண்டு வரத்துக் குறைந்திருந்தது. கிழமையில் மூன்று நாள்தான் வேலை. ஆட்களிடையே குசுகுசு தொடங்கியிருந்தது. பேக்கரியில் நான் அந்த ஓடரைக் கண்ட மறுநாள், மேசையில் என் கைக்குக் கிட்ட வேலை செய்யும் பெண் தேத்தண்ணி நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டாள். குருநகர்க்காரி. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் நான்கு வருடம். ஏழு வயதில் ஒரு மகள். நண்டின் துடுப்புக்காலடியில் இருக்கிற பெரிய சதையை உடைக்காமல் முழுசாக எடுப்பதில் அவளை வெல்ல எங்களிடம் ஆள் இல்லை.

"மிஸ், உங்களுக்குத்தான் ஒபீஸ் பக்கத்துக் கதை தெரியும்," என்றாள். "இந்தக் கம்பனி நிக்குமோ நிக்காதோ? குவைத்திலை ஒரு வீட்டு வேலை வந்திருக்கு. ரெண்டு வருசம். ஏஜென்சிக்காரன் திங்கக்கிழமைக்குள்ளை பதில் கேக்கிறான்."

"உனக்குப் போக விருப்பமோ?"

"என்ன மிஸ் கேள்வி? பிள்ளையை அக்காவிட்டை விட்டிட்டுப் போக எனக்கென்ன விசரே? கம்பனி நிக்குமெண்டால் நான் அரை வயித்தோடை எண்டாலும் இங்கை கிடப்பன். நிக்காதெண்டால் போகத்தான் வேணும். எனக்கு ஆர் இருக்கினம்?"

"பொறு. நான் கேட்டுச் சொல்லுறன்," என்றேன்.

கேட்கத்தான் போனேன். முகாமையாளர் அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்து ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடிக்கணினியைச் சட்டென்று மூடினார். மூடினாரா இல்லையா? மூடினார். நான் கண்டேன்.

"தம்பி, வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"அது சப்றைஸ் மிஸ். எல்லாருக்கும் ஒண்டாச் சொன்னால்தான் வடிவு. ஒருத்தரும் பயப்பிட ஒண்டுமில்லை."

பயப்பட ஒன்றுமில்லையாம்! நான் பயம் என்று ஒரு சொல் சொன்னேனா? பல்லுப் பிடுங்குகிறவரும் இதைத்தான் சொல்வார். மூன்று தொண்டு நிறுவனங்களின் பெரியவர்களும் இதையேதான் சொன்னார்கள். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூடப்போகிறீர்களா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. பொதி கட்டும் அறையைக் கழுவித் துடைத்து, கதிரை அடுக்கி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். புரொஜெக்டர் இருந்தது. மேசையில் நிற மட்டைகள் இருந்தன. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

முதற்படம் ஒரு மலை. அதன் உச்சியில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். மேலே 'எமது தொலைநோக்கு' என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? பின் கதிரையில் இருந்த ஒருத்தி என் தோளைச் சுரண்டி, "உது எந்த இடம் மிஸ்? நுவரெலியாவோ? எங்களை உங்கையோ அனுப்பப்போறாங்கள்?" என்று கேட்டாள். அடுத்து அம்புக்குறிகள், வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். அவர் ஐம்பது நிமிடம் பேசினார். நல்ல தமிழ், பத்திரிகையில் வருகிற தமிழ். உருமாற்றம், கொள்திறன், பங்காளர், பெறுமதிச் சங்கிலி. சங்கிலி என்றதும் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்கள். அவருடைய கண் பளபளத்தது, பாவம். சொல்ல நினைத்தது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

பிறகு மட்டை கொடுத்தார். "எங்கடை கம்பனியைப் பற்றி உங்கடை மனசிலை உள்ளதை எழுதுங்கோ. ஒளிக்காமல் எழுதுங்கோ."

எங்கள் பெண்களுக்கு மட்டை எழுதுவது புதிதா? சுனாமிக்குப் பிறகு எழுதினார்கள், சண்டைக்குப் பிறகு எழுதினார்கள். மட்டை கொடுக்கிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுடைய கைக்கே தெரியும். 'ஒற்றுமை' என்று எட்டுப் பேர் எழுதினார்கள். 'பெண்கள் வலுவூட்டல்' பத்துக்கு மேலே. 'நிலைபேறான அபிவிருத்தி' என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதிய ஒருத்தி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒருத்தி 'போஷாக்கு' என்று எழுதினாள். அவள் கடைசியாகப் போன பட்டறை அதுவாக இருக்க வேண்டும்.

குருநகர்க்காரி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் பேனையை எடுத்து, 'அடுத்த வருசமும் எங்களுக்கு வேலை' என்று தொடங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"உதெல்லாம் எழுதாதை. கண்ணிலை பட்டுப்போவாய். ஒற்றுமை எண்டு எழுதிக் குடு."

அவள் மட்டையைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒற்றுமை என்று எழுதினாள். முகாமையாளர் எல்லா மட்டைகளையும் சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "பாருங்கோ, நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்றார். "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றார். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிற பழக்கம் எங்களிடம் எங்கே இருக்கிறது? கேள்வி எல்லாம் கூட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கிற இடத்தில்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு, நான் சொன்னேனே, அது நடந்தது. "எல்லாரும் வெளியிலை வாங்கோ, ஒரு குறூப் போட்டோ எடுப்பம்" என்றார்.

முன்வரிசையில் கதிரைகள். ஸ்ரூடியோவிலிருந்து ஒருவர் கமராவோடு வந்து நின்றார். பெண்கள் தலைமூடியைக் கழற்றிக் கூந்தலைச் சரிசெய்தார்கள். நடுவரிசையில் ஒருத்தி முதலில் விசும்பினாள். அதைக் கண்டு மற்றவள் அழுதாள். ஒரு நிமிடத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். முகாமையாளர் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்ணும் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அவர் அழுவதைக் கண்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. முடிந்தது கதை, இழுத்து மூடப்போகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. அந்த மனவருத்தத்திலும் நான் இரண்டு றோல்ஸ் தின்றேன். நல்ல சூடாகத்தான் இருந்தது.

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் குருநகர்க்காரி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மிஸ்?"

"பாத்தனிதானே. குறூப் போட்டோ வேறை எடுத்தாச்சு."

"அப்ப மூடுறாங்கள்தானோ? வடிவாத் தெரியுமோ மிஸ் உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாததே? இப்பிடி மூண்டு இடம் பாத்தனான். நீ உன்ரை அலுவலைப் பார் பிள்ளை."

அவள் தலையாட்டினாள். சைக்கிள் கைபிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். திங்கட்கிழமை ஏஜென்சிக்காரனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் பக்கமே சாட்சி சொன்னது. இரண்டு பேர் வந்து வளவை நாடா பிடித்து அளந்தார்கள். காணியை விற்கப்போகிறார்கள் என்றேன். தராசு இரண்டையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமான்களையும் விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்றேன். என்னுடைய சொல்லைக் கேட்டு இரண்டு பேர் வேறு இடத்தில் வேலை தேடத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்கிற பெருமை.

குருநகர்க்காரி ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு பஸ் ஏறினாள். பிள்ளையைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவரவில்லை. கண்டால் போகமாட்டன் மிஸ் என்று எனக்கு முதல்நாள் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை நடுப்பகல். சதை எடுக்கிற பழைய மேசைகளை நான்கு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. நேரே முகாமையாளரின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவும் இல்லை.

"தம்பி, இனியும் ஒளிக்காதேங்கோ. எப்ப மூடுறியள்? எந்த நாளெண்டு சொல்லுங்கோ. இத்தனை சனத்தின்ரை வயித்திலை அடிக்கிறியள், முகத்தைப் பாத்துச் சொல்லவாவது உங்களுக்கு மனம் வரேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வை! பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"மூடுறதோ? என்ன மிஸ் கதைக்கிறியள்? ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்!"

"நான் எங்கை சொன்னனான்? இறாலும் கணவாயும் எடுக்கப்போறம் மிஸ். நண்டு குறைஞ்ச காலத்திலையும் கிழமைக்கு ஆறு நாள் வேலை இருக்கும். அதுக்குத்தான் புது மேசை. அதுக்குத்தான் வளவை அளந்தது, பின்பக்கம் கட்டிடம் எழுப்ப. தராசு திருத்தக் குடுத்தது. பத்துப் பேர் புதுசா எடுக்கவும் இருக்கிறன். எல்லாம் அண்டைக்கே சொன்னனானே!"

"எப்ப?"

அவர் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பதினேழாவது படம். 'கொள்திறன் விரிவாக்கமும் உற்பத்திப் பன்முகப்படுத்தலும்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மேலே போகிற ஒரு அம்புக்குறி. நான் வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன். இறாலும் இல்லை, கணவாயும் இல்லை, ஆறு நாளும் இல்லை.

"அப்ப அந்தக் குறூப் போட்டோ?"

"வாசலிலை மாட்ட. வாங்குற ஆக்கள் வரேக்கை எங்கடை சனத்தின்ரை முகத்தைத்தான் முதல் பாக்க வேணும் எண்டு நினைச்சன்."

"சனம் நிண்டு அழுதுதே, அது?"

"சந்தோசத்திலை எண்டு நினைச்சன் மிஸ்." மடிக்கணினியை மூடினார். "அதைக் கண்டு நானும் அழுதனான்."

வேறொரு நாள் என்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "மலையைக் காட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, 'பிள்ளையள், கம்பனி மூடாது' எண்டு ஒரு வசனம் சொல்ல வரேல்லையே? சனத்துக்கு முதல் தெரிய வேண்டியது அது ஒண்டுதானே? நாளைக்கு வேலை இருக்குதோ இல்லையோ? மிச்சத்தை அதுக்குப் பிறகு எத்தினை வட்டமும் கீறிக் காட்டுங்கோவன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் மெதுவாக, "மூடுவம் எண்டு ஆரும் நினைப்பினம் எண்டு எனக்குத் தோணவேயில்லை மிஸ். ஆனால் நீங்கள் ஏன் ஒரு சொல் கேக்கேல்லை? நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பனே" என்றார்.

வெளியே வந்து குருநகர்க்காரிக்குப் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். அவளுடைய அக்காவுக்கு எடுத்தேன். "காலமை பிளேன் ஏறிட்டாள், மிஸ்" என்றாள் அக்கா. பின்னால் பிள்ளை ஏதோ பாடமாக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலை முகாமையாளர் வேலை தொடங்குவதற்கு முன் எல்லாரையும் அவிக்கிற கொட்டிலுக்கு முன்னால் கூப்பிட்டார். புரொஜெக்டரும் இல்லை, கேக்கும் இல்லை. நின்றுகொண்டே சொன்னார். கம்பனி மூடாது. இறாலும் கணவாயும் வரப்போகிறது. அடுத்த மாதம் தொடங்கி ஆறு நாளும் வேலை. இப்போது இருக்கிற ஒருவரும் போகத் தேவையில்லை. அவ்வளவுதான். உவர் ஏன் திடீரென்று இதைச் சொல்லுறார், வேறென்ன ஒளிச்சிருக்கு என்றுதான் எல்லாருடைய முகத்திலும் எழுதியிருந்தது. அந்த முகத்தை அவர்களுக்குப் பழக்கியவளே நான்தானே. அதனால் நானே எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். "சேர், மூடுவியளோ மாட்டியளோ?"

"மூடமாட்டம்" என்றார் அவரும் கத்தி.

அதன் பிறகுதான் ஒருத்தி, இறால் முள்ளுக் குத்தும், கையுறை தருவியளோ என்று கேட்டாள். இன்னொருத்தி, ஆறாவது நாள் எது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக விடுவியளோ என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சந்தை இரைச்சலாகிவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டுக்கு, "அது எனக்கு இன்னும் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்" என்றார். அந்த இளந்தாரிக்குத் 'தெரியாது' என்கிற சொல் எவ்வளவு சுகமாக வாயில் வருகிறது என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் குவைத்திலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் போன் தருவார்களாம். மகளோடு கதைத்து முடித்துவிட்டு எனக்கு எடுத்திருந்தாள். சுகம் விசாரித்தாள். வீட்டுக்காரி பரவாயில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"கம்பனியை எப்ப மிஸ் மூடினவங்கள்?"

இந்தக் கேள்விக்கு நான் பல நாளாக மறுமொழி யோசித்து வைத்திருந்தேன். நண்டு வரத்தைப் பற்றித் தொடங்கி, முகாமையாளரின் மலையைப் பற்றிச் சொல்லி, சுற்றி வளைத்து வரலாம் என்று நினைத்திருந்தேன். அவளுடைய குரலைக் கேட்டதும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"மூடேல்லை, பிள்ளை. ஆறு நாளும் வேலை நடக்குது. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அப்ப அண்டைக்கு உங்களுக்குத் தெரிஞ்சு சொல்லேல்லையோ மிஸ்?"

"இல்லை. தெரியாது."

அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வழக்கம்போல மரியாதையாகத்தான் பேசினாள்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே மிஸ். நானே போய்ச் சேரிட்டைக் கேட்டிருப்பன்."